எங்கள் வீடு ஏன் கத்துகிறது

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் வகுப்புக்குள் காலை வைக்கும்போது திறக்கிற வாய், கடைசி மணி அடித்த பிறகும் வாசல்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், ரேடியோவுக்குக் கரண்ட் போய்விடும். இரண்டு வரி எழுதுவதற்குள் தாகம் எடுக்கும், தலை வலிக்கும், ஜன்னலுக்கு வெளியே ஏதாவது முக்கியமாக நடக்கும்.

அப்படிப்பட்டவளுக்குப் பள்ளியின் கடைசி வருடத்தில் ஆங்கிலப் பாடம் ஒரு பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆய்வுக் கட்டுரை. அவரவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நூல்களில் தேடி, நாலு பேரை விசாரித்து, விடையைப் பத்துப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி, வகுப்பின் முன்னால் நின்று சொல்லவும் வேண்டும். முடிக்காதவர்களுக்குப் பாஸ் கிடையாது.

'சுற்றுச்சூழல் மாசு' என்று எழுதிக்கொண்டு போய் நீட்டினாள். ஆங்கில மிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உனக்கு முன்னாடி பாதி வகுப்பு இதே தலைப்போட வந்துட்டுப் போயிடுச்சு. இதுல உன் கேள்வி எங்கம்மா?"

"கேள்வியா மிஸ்? அது கட்டுரைக்குள்ள எங்கயாவது வந்துடும்."

"வராது. அதுதான் முதல்ல வரணும். உனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு இருக்குல்ல, அப்படி ஒண்ணைக் கொண்டு வா."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அவளுடைய அப்பா தகர டிரம் செய்யும் பட்டறையில் மெஷின் ஓட்டுபவர். அன்றைக்கு அவர் வேலையிலிருந்து வந்து குளியலறைக்குள் நுழைந்ததும், "துண்டு எங்க?" என்று ஒரு குரல் கொடுத்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரர் அண்ணாந்து பதில் சொன்னார்: "கொடியில பாருங்க அண்ணே! காலையில காயப்போட்டாங்க!"

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், கேள்வி கிடைத்துவிட்டது என்று தோன்றியது. எங்கள் வீடு ஏன் கத்துகிறது? அப்பா கத்துகிறார். அவருக்குக் கேட்க வேண்டுமென்று அம்மா கத்துகிறாள். இரண்டு பேருக்கும் மேலாக டி.வி. கத்துகிறது. ஏன்?

மிஸ்ஸுக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. "நல்லா இருக்கு. ஆனா விடையை முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்காத" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அவள் அதைத்தான் செய்தாள். முடிவுரையை முதலில் எழுதிவிட்டால் பாரம் குறையுமே! 'எல்லாவற்றுக்கும் தொலைக்காட்சியே காரணம்' என்று அழகாக ஒரு பத்தி எழுதினாள். இனி அதற்குச் சாட்சி தேட வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை. டி.வி.யை அணைத்தாள். அது ஓடாதபோது எல்லாரும் மெதுவாகப் பேசுவார்கள் என்று நிரூபிக்க வேண்டும். சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி வைத்திருந்தாள். அப்பா நாற்காலியில் செய்தித்தாளுக்குள் முகம் புதைத்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் கேட்டாள்.

"அப்பா, டீ வேணுமா?"

பதில் இல்லை. அப்பா டீயை வேண்டாமென்றதாகச் சரித்திரமே கிடையாது.

"அப்பா, டீ வேணுமாப்பா?"

செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது. அவ்வளவுதான். குரலை ஏற்றிக்கொண்டே போனாள். கீழே தையல் மெஷின் நின்றது. அப்போதுதான் அப்பா திரும்பினார். "என்ன கண்ணு, டீயா? போடேன்."

சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றிருந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப இத்தனை வருஷமா நான் சொன்னது எதுவும் இவருக்குக் கேக்கவே இல்லையா? என்னை மதிக்கலைன்னுல்ல நான் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்!"

"எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்றார் அப்பா. "நீங்கதான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசறீங்க."

மறுநாள் அவள் நூலகத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக யாரிடமும் பேசாமல் ஒரு பிற்பகலைக் கழித்தாள். பெரிய மெஷின்களின் இரைச்சலில் வருடக்கணக்காக நிற்பவர்களின் காது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், மெல்லிய கீச்சுக் குரல்கள் முதலில் போகும், தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் மனிதர் சத்தமாகப் பேசுவார் என்றெல்லாம் போட்டிருந்தது. ஒவ்வொரு வரியிலும் அப்பா உட்கார்ந்திருந்தார். டி.வி.யைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பத்தியைக் கிழித்துப் போட்டாள்.

டாக்டரிடம் போகலாம் என்றால் அப்பா மசிய மாட்டார். அதனால் வேறு வழியில் போனாள்.

"கட்டுரைக்கு ஒரு காது டாக்டரைப் பேட்டி எடுக்கணும்ப்பா. தனியா போய்ப் பேச பயமா இருக்கு."

"உனக்கா? பேசறதுக்கா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். இருந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பேட்டி நன்றாக நடந்தது. டாக்டர் அம்மாள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "மாதிரிக்கு அப்பாவுக்கு ஒரு டெஸ்ட் செஞ்சு காட்டட்டுமா?" என்றார். மகளுடைய மார்க்குக்காக அப்பா அந்தக் கண்ணாடி அறைக்குள் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானுடன் உட்கார்ந்தார். வெளியே வந்து ஆறுதலாகச் சொன்னார்: "மெஷின் ரிப்பேர்னு நெனைக்கிறேன் டாக்டர். பாதி நேரம் சத்தமே வரல."

டாக்டர் தாளில் இறங்கிக்கொண்டே போன கோட்டைக் காட்டி, நிதானமாக விளக்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டார்: "உங்கம்மா வேலை செய்யும்போது பாடுவாளே. எப்ப நிறுத்தினா?"

"நிறுத்தலப்பா. தினமும் பாடறாங்க."

மறுவாரமே அப்பா காதுக்கான கருவிக்கு அளவு கொடுக்கப் போய்விட்டார்.

கருவி வந்த அன்று மாலை சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அம்மா காய் நறுக்கியபடி முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன, புதுசா இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

"சும்மாதான். நீ பாடு."

அம்மாவுக்குக் கன்னம் சிவந்துவிட்டது. ஆனால் இரண்டே நாளில் புகாரும் வந்தது. "இனிமே இவரைத் திட்டணும்னா நான் மொட்டை மாடிக்குத்தான் போகணும்."

இனி எழுத வேண்டும். வெள்ளைத்தாளைப் பார்த்ததும் ரேடியோவுக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. பேச வரும் அளவுக்கு எழுத வரவில்லையே என்று மிஸ்ஸிடம் அழாக்குறையாகச் சொன்னாள்.

"அப்ப பேசு. பேசிட்டு அதை எழுது" என்றார் மிஸ்.

ஒவ்வொரு பத்தியையும் முதலில் அப்பாவிடம் தமிழில் சொன்னாள். பிறகு உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினாள். புதுக் காது கிடைத்த மிதப்பில் இருந்த அப்பா ஒரு சொல்லையும் விடவில்லை. "இதை நீ முன்னாடியே சொல்லிட்ட." "அந்த டாக்டர் இப்படிச் சொல்லலையே." "இது எதுக்கு, வளவளன்னு?" மிஸ்ஸின் சிவப்புப் பேனாவே தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு. ஆனால் கட்டுரை வளர்ந்தது. முதல் படி, திருத்தம், இரண்டாம் படி, மறுபடியும் திருத்தம் என்று பத்துப் பக்கமும் நிரம்பின.

"உங்களைப் பத்தி எழுதலாமாப்பா? பேரை மாத்திடட்டுமா?"

"எதுக்கு மாத்தணும்? நான் என்ன திருடினேனா? முழுப்பேரையும் போடு."

கடைசிப் பக்கத்தில் ஆதாரங்களை அகர வரிசையில் அடுக்கியபோது, பேட்டி கொடுத்தவர்களில் அப்பாவின் பெயர் டாக்டர் பெயருக்கு மேலே வந்து நின்றது. அதை அவர் போனில் படம் பிடித்து, தையல்காரர் உட்படத் தெருவில் ஒருவர் விடாமல் காட்டினார்.

வகுப்பின் முன்னால் அவள் பேசிய நாளில், கொடுத்த நேரம் முடிந்தும் மிஸ் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி கையைத் தூக்கி, "எங்கம்மாவும் மில்லுலதான் வேலை பாக்கறாங்க. அந்த டாக்டர் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். ரேடியோ விலாசத்தைப் பலகையிலேயே எழுதிப்போட்டாள். நாலைந்து பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்கு இல்லை. காற்புள்ளி வைக்க வேண்டிய இடங்களிலெல்லாம் மூச்சுவிடாமல் ஓடியிருந்தாள். மிஸ் அதற்குத் தாராளமாகக் குறைத்திருந்தார். ஆனாலும் நல்ல மார்க்குதான். கடைசிப் பக்கத்தின் கீழே மிஸ் ஒரே வரி எழுதியிருந்தார்: 'விடை கிடைத்ததும் நீ உன் கருத்தை மாற்றிக்கொண்டாய். அதுதான் ஆய்வு.'

அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். அப்பா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கேட்கவில்லையோ என்று அவள் ஒரு கணம் பயந்துபோனாள்.

"கேட்டுச்சு கண்ணு. நல்லா இருந்துச்சு, அதான்."