புகாரில் எழுதிய பெயர்

தாம்பரம் தியேட்டரில் மேட்னி. உண்மைச் சம்பவம் என்று போஸ்டரிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நகைத் திருட்டு நடக்கிறது, கண்டுபிடித்த போலீசே நகையை அமுக்கிக்கொள்கிறது. கதையைக் கேட்டதுமே எனக்குக் கை பரபரத்தது. எங்கள் வீட்டுக் கதையும் அதுதானே! வரமாட்டேன் என்ற அம்மாவை வம்பு பண்ணி அழைத்துப்போனது நான்தான். அந்தப் புத்தி எனக்கு ஏன் வந்ததோ.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்போதும் இதே பொழிச்சலூர் வீடுதான். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அப்பா இறந்து போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார். நான் காலேஜ் படிக்கிற திமிரில், ஜெபமாவது ஒன்றாவது என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பின்கதவு பெயர்ந்து கிடக்கிறது. பீரோவில் ஒரு குண்டுமணித் தங்கம் மிச்சமில்லை. அம்மா கழற்றி வைத்திருந்த தாலிச் சங்கிலியும் போயிற்று.

மறுநாள், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்கள். அனகாபுத்தூரில் ஒரு சந்தில் இருந்தவர். அம்மா டைபாய்டில் படுத்துவிட்ட மாதம் முழுக்க எனக்குச் சோறு வடித்துப் போட்ட மனுஷி. நாள் கணக்கில் வைத்து அடித்தார்கள். வெளியே வந்தபின் அக்கா எங்கள் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. திருட்டுப் பட்டம் கட்டிய பிறகு யார் வேலை கொடுப்பார்கள்?

சில மாதம் கழித்து வேறொரு வழக்கில் மாட்டியவன், எங்கள் வீட்டையும் உடைத்ததாக ஒப்புக்கொண்டான். ஸ்டேஷனிலிருந்து எங்களுக்கு வந்தது ஒரே ஒரு வளையல். மிச்சத்தை அவன் உருக்கி விற்றுத் தின்றுவிட்டான் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவனோ கோர்ட்டில், "மொத்தத்தையும் இந்த சார் கையிலதான் குட்த்தேன்!" என்று கத்தினான். திருடன் பேச்சை யார் கேட்டார்கள்? வளையலைத் திணித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

எட்டு வருஷம் அந்த சப்-இன்ஸ்பெக்டரை நான் திட்டாத வாரமில்லை. நாசமாய்ப் போவான், கட்டையில் போவான். நகை போகட்டும், ஒன்றும் அறியாத அக்காவைத் தானாகவே இழுத்துப்போய் அடித்தானே பாவி!

படத்தில் போலீஸ்காரர் வீட்டுக்கார அம்மாளிடம், "சந்தேகம்னு ஒரு பேர் குடுங்கம்மா, இல்லன்னா கேஸ் நகராது" என்றார். இருட்டில் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"என்கிட்டயும் இப்படித்தான் கேட்டான்."

"நீ என்னம்மா சொன்ன?"

அம்மாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். சோடா விற்கிற இடத்தில் நின்றுகொண்டு அம்மா சொன்னார்.

"அவ பேரத்தான் சொன்னேன்."

"அன்னிக்கு அவங்க ஊர்லயே இல்லையேம்மா! குழந்தைக்குக் காது குத்தணும்னு உன்கிட்டதானே லீவு கேட்டாங்க? நீதானே பாவாடை சட்டை எடுத்துக் குடுத்து அனுப்பின?"

"தெரியும்டா!" அம்மா வெடித்தார். "கடைசியா கதவப் பூட்டினது யாருன்னு கேட்டான். பையனக் கூட்டிட்டுப் போய் ரெண்டு தட்டு தட்டினா தானா கக்குவான்னான். நான் என்ன பண்ணட்டும்? எனக்கு நீ ஒருத்தன்தானே?"

ஞாயிறு தவறாமல் முழங்கால் போடுகிற அம்மா. நான் போலீசைத் திட்டும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, "விடுடா, கர்த்தர் பாத்துப்பார்" என்ற அம்மா. நகை போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை. எனக்கே தெரியாமல் என்னையும் கூட்டுக் களவாணி ஆக்கிவிட்டாரே! அம்மாவைப் பொழிச்சலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நேரே அனகாபுத்தூர் போனேன்.

அக்கா வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார்.

"அட, தம்பியா? இன்னாப்பா இந்தப் பக்கம்?"

"அக்கா, அன்னிக்கு உங்க பேரச் சொன்னது எங்கம்மாதான்" என்று போட்டு உடைத்தேன்.

"தெரியும்பா. மொத அடி வுழுறதுக்கு முன்னாடியே சொல்ட்டானுங்க, டீச்சரம்மாதான் சொல்லிச்சின்னு."

"அப்புறம் ஏன்க்கா வந்து நாலு வார்த்தை கேக்கல?"

"கேட்டு?"

அக்கா குண்டான் மூடியைத் திறந்து இட்லித் தட்டை வெளியே எடுத்து வைத்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மூணாம் நாளு அந்த எஸ்ஐ வந்தான். 'அந்த வூட்டுப் பையன்தான் எட்த்தான்னு சொல்லு, உன்னிய இப்பவே வுட்டுர்றேன்'னான். 'அந்தப் புள்ள எடுக்காது சார்'னு சொன்னேன். அதுக்குத்தான்பா இன்னும் ரெண்டு நாளு வெச்சிகினு அடிச்சானுங்க."