செயின் கவர் உரசும் சத்தம்

பிள்ளைகளா, நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடிதம் எழுத உட்கார்ந்தால் நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் எனக்கு ஓடாது. இப்போது நீங்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். போனில் சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி வைத்துவிடுகிறோம். சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த நோட்டு. மூத்தவளே, இது நீ சைக்கிள் படித்த கதை. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ சைக்கிள் மேல் இருந்தாய், நான் கீழே இருந்தேன். இளையவனே, நீயும் வாசி.

மூத்தவளே, அப்போது உனக்குப் பதிமூன்று வயது முடிந்திருந்தது. சட்டைப் பித்தான் போட மற்றப் பிள்ளைகளைவிட மூன்று மடங்கு நேரமாகும். குடத்திலிருந்து செம்பில் ஊற்றினால் பாதித் தண்ணீர் தரையில் இருக்கும். நிலைப்படியில் தினமும் ஒரு தடவையாவது கால் தட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு, நரம்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கையும் காலும் சேந்து ஒரு வேலையச் செய்ய இவளுக்கு நேரமாகும். பிள்ளைய வையாதீங்க" என்றார். அதற்கு ஒரு பெயரும் அவர் சொல்லவில்லை. அதனால் தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.

எட்டாவது வரைக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கூடம். நீயும் உன் கூட்டாளிகள் நான்கு பேரும் நடந்தே போனீர்கள். ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும். அந்த நான்கு பேரும் சைக்கிளில் போனார்கள். காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் நான் உன்னைக் கேரியரில் கொண்டு விடுவேன். சாயங்காலம் பஸ். ஒரு நாள் நீ ஒரு காலைப் படியில் வைப்பதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். விழுந்ததில் நெற்றியில் நான்கு தையல்.

அன்றைக்கு உன் அம்மா முடிவு சொல்லிவிட்டாள். "படிச்சது போதும். கைகால் ஒடிஞ்சு கெடந்தா யாரு பாப்பா? காலாண்டு லீவு முடியுத வரைக்கும் டயம் தாரேன். அதுக்குள்ள இவளா சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போனா போகட்டும். இல்லன்னா வீட்டோட இருக்கட்டும்."

"ஓட்டுவா" என்றேன்.

"யாரு, இவளா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. தையல் போடும்போது உன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அதன் செயின் கவர் எங்கேயோ இடிபட்டு வெளியே பிதுங்கியிருந்தது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பெடல் தண்டு அதில் உரசி ஒரு தடவை கிறீச் என்னும். ஃபிட்டர் வேலை பார்க்கிற எனக்கு அது இரண்டு நிமிட வேலை. முதலில் பிள்ளை ஓட்டட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், என் பட்டறை இருக்கும் பேட்டைத் தொழிற்பேட்டையில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கும். இரும்புத்தூள் வாடையும் ஆடிக் காற்றும்தான். உள்ளே ஒரு காலி மனையைச் சுற்றி ரோடு கட்டம்போல் வரும். அங்கேதான் உன்னைக் கூட்டிப்போனேன். உன் தம்பியைக் கூட்டிப்போகவில்லை. எட்டு வயதில் என் சைக்கிளின் ஃப்ரேமுக்குள் காலை விட்டு இரண்டே நாளில் ஓட்டிவிட்டவன் அவன். "அக்கா, இது லேசுதான்க்கா" என்று அவன் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். இளையவனே, அன்றைக்கு நீ வாசலில் உருண்டு அழுதாயே, காரணம் இதுதான்.

முதலில் இரண்டு பெடலையும் கழற்றினேன். சீட்டை இறக்கி, காலால் தரையை உந்தி உருட்ட மட்டும் சொன்னேன். பட்டறையில் எங்கள் வழக்கம் அப்படி, ஒரு நேரத்துக்கு ஒரு வேலை. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் காலைத் தூக்கிக்கொண்டு பத்தடி உருண்டாய். பெடலை மாட்டினேன். அதோடு எல்லாம் கெட்டது.

சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினேன். "நேரே பாரு. கைய இறுக்காத. மிதி, மிதி! இடது பக்கம் சாயுது, வலது... வலதுன்னா வலதும்மா!" நீ விழுவாய். தூக்குவேன். மறுபடி ஓடுவேன். மறுபடி விழுவாய். நான்கு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. கேட் வாட்ச்மேன் ஸ்டூலில் இருந்தபடி சிரித்தார்.

"அண்ணாச்சி, பிள்ளை ஓட்டுத சைக்கிளவிட உம்ம வாய்தான வே வேகமா ஓடுது!"

"நீரு கேட்டப் பாரும் வே" என்றேன். கோபம் வந்தது.

அன்று நீ முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டே, "எப்பா, ஒண்ணு சொன்னா கோவப்படுவீங்களா?" என்று கேட்டாய்.

"சொல்லு."

"நீங்க பேசாதீங்க. கைன்னு சொன்னா நான் கைய நெனைக்கேன், கால் நின்னுருது. கால்னு சொன்னா கைய விட்டுருதேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினேன். அப்போதும் விழுந்தாய்.

"இப்ப நான் பேசலையே."

"நீங்க ஓடி வார சத்தம் கேக்கு. மூச்சு வாங்குதீங்க. அதக் கேட்டாலே விழப்போறேன்னு பயம் வந்துருது. அங்கன போய் உக்காருங்கப்பா."

"சரி. அங்கன இருந்து பாக்கட்டா?"

"பாக்கவும் வேண்டாம். அந்தச் செவரப் பாத்து உக்காருங்க."

போனேன். ஒரு பட்டறைச் சுவருக்கு எதிரே ரோட்டோரக் கல் ஒன்று கிடந்தது. எனக்கும் சுவருக்கும் நடுவே பத்தடி ரோடு. உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பதிமூன்று வருஷமாக நீ விழுவதற்கு முன்னாலேயே கையை நீட்டிப் பழகியவன் நான். அந்தக் கையைத் துடையிடுக்கில் வைத்துக்கொண்டு சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தேன். வீட்டில் பேச ஆளில்லை. பட்டறையில் சொன்னால் சிரிப்பார்கள். நீ ஒருத்திதான் துணை என்றிருந்தேன். நீயும் வேண்டாம் என்றுவிட்டாய். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின்னால் கிறீச், கிறீச் என்று இரண்டு தடவை கேட்டது. பிறகு தடால். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி கிறீச், கிறீச், கிறீச். தடால். அந்த உரசல் கேட்கும் மட்டும் நீ மிதிக்கிறாய் என்று அர்த்தம். விரல் விட்டு எண்ணினேன். ஐந்து, நான்கு, ஏழு. அன்று பதினொன்றோடு வீட்டுக்குப் போனோம். உன் முட்டியைப் பார்த்துவிட்டு உன் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

காலாண்டு லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம். கல்லில் உட்கார்ந்தேன். கிறீச் சத்தம் இருபதைத் தாண்டியது. முப்பது. பிறகு தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. விழுந்த சத்தமும் இல்லை. காற்று மட்டும் இரைந்தது. திரும்பமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், திரும்பவில்லை.

பிறகு வலது பக்கத்திலிருந்து கேட்டது. ரோடு சுற்றி வருமே, சுற்றி வந்துவிட்டாய். சுவருக்கும் எனக்கும் நடுவில், என் கண்ணுக்கு முன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு போனாய்.

"எப்பா! நிறுத்தத் தெரியல!"

பிரேக்கைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. வாட்ச்மேன் ஸ்டூலை உதறிவிட்டு எழுந்துவிட்டார். "ஏ தாயி, மணல்ல விடு! மணல்ல விடு!" நீ இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மணல் குவியலில் விட்டாய். மணலில் கிடந்தபடியே, "இப்பம் பேசலாம்ப்பா" என்றாய். உன் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

அன்று மத்தியானம் முழுக்கப் பிரேக்கை மட்டும் பழகிவிட்டு, சாயங்காலம் வீட்டு வாசலில் பிரேக் பிடித்து இறங்கினாய். உன் அம்மா பார்த்துவிட்டு உள்ளே போனாள். ராத்திரி என் தட்டில் ஒரு துண்டு மீன் அதிகம் இருந்தது. "சொட்டு எண்ணெய் விடப்படாதா, அந்த வண்டிக்கு?" என்று கேட்டாள். மாதக்கணக்கில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மறுநாள் நான்கு பேரோடு ஐந்தாவதாகப் போனாய். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுவாய் என்று எனக்கும் தெரியும். வாசலில் நின்று, கிறீச் சத்தம் வாய்க்கால் பாலம் வரைக்கும் போய் மறைவதைக் கேட்டேன். ஒரு வாரம் தினமும் அப்படி நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். காலியான கேரியரோடு மிதிக்க வண்டி ரொம்ப லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்து சொன்னாய். "எப்பா, அந்தச் சத்தத்த எடுத்துருங்களேன். ரைஸ்மில் வருதுன்னு கேலி பண்ணுதாளுவ."

ஞாயிற்றுக்கிழமை உன் சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாகத் தொழிற்பேட்டைக்குப் போனேன். எங்கள் பட்டறை ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நிறுத்தினேன். கவரைக் கழற்றி, பிதுங்கிய இடத்தை மரச்சுத்தியலால் பைய நாலு தட்டுத் தட்டினேன். நேராகிவிட்டது. மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினேன். சத்தம் இல்லை. இன்னொரு தடவை சுற்றினேன். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டேன். பிறகு கையை எடுத்துவிட்டு, பின்சக்கரம் தானாக நிற்கும்வரை அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.