அந்தத் தீவுப் படகு கரை சேர்ந்ததா?

அது 1998ஆம் ஆண்டின் குளிர்காலம். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் ஒரு அபார்ட்மென்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்குப் புத்தி பேதலித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. என் புத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மாமனார் மாமியார் ஊரிலிருந்து வருவதாக இருந்தார்கள். அவர்களை சுதந்திர தேவி சிலைக்குக் கூட்டிப்போகப் படகு நேரம் பார்க்கலாம் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினேன். அந்தக் காலத்து இன்டர்நெட், கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுக்கும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, கடல் நடுவில் கிடக்கும் ஒரு சின்னத் தீவின் செய்திப் பக்கம் வந்து நின்றது. ‘காற்று பலமாக இருப்பதால் இன்று படகு இல்லை. நாளைய விஷயத்தை நாளைக்குப் பார்ப்போம்’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு மேலே இருந்த மானேஜர்கள் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆபீஸுக்குப் போனால் முதல் வேலை தீவுச் செய்திதான். யார் வீட்டு ஆட்டுக்கிடா சர்ச் தோட்டத்துக்குள் புகுந்தது, பள்ளிக்கூடத்தில் புதிதாக எந்தப் பிள்ளை சேர்ந்தது, எல்லாம் எனக்கு அத்துபடி. ‘ஊர்ப் பொதுக்கூடத்துப் பெரிய கெட்டிலை எடுத்துப்போனவர் திருப்பி வைக்கவும், யாரென்று தெரியும்’ என்று ஒரு நாள் வந்தது. எடுத்தது யாரென்று நானும் ஒருவாறு ஊகித்து வைத்திருந்தேன். ஆபீஸில் ஜன்னல் இல்லாத என் சின்னத் தடுப்பறைக்குள் உட்கார்ந்திருப்பேன். தலைக்கு மேல் டியூப் லைட் ரீங்காரமிடும். எனக்கோ அது அலைச் சத்தம். சாம்பல் நிறக் கார்ப்பெட் மெல்ல அசைந்து, ஏறி, இறங்கும். யாராவது வந்து தோளைத் தட்டினால் கரையேறச் சற்று நேரம் பிடிக்கும்.

“ஏனுங்க, உங்க பெரியக்கா பையன் என்ன படிக்கறான்னு கேட்டா முழிக்கறீங்க. அந்தத் தீவுல எந்த ஆடு குட்டி போட்டுச்சுன்னு மட்டும் கரெக்டா சொல்றீங்க!” என்பாள் மனைவி. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமையும் ஆபீஸில் வேலை இருந்தது. பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு செய்தி. நண்டு பிடிக்கப் போன அண்ணன் தம்பி இருவரின் படகு இருட்டியும் திரும்பவில்லை, தேடப் போயிருக்கிறார்கள். அந்தச் சகோதரர்களை எனக்கு நன்றாகத் தெரியும், அதாவது படித்த வகையில். மூத்தவர் அக்கார்டியன் வாசிப்பவர். இளையவருக்குப் போன மாதம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் மனது அங்கேயே கிடந்தது. ஞாயிறு காலை எழுந்ததும் வீட்டுப் போன் லைனில் மோடத்தைப் போட்டேன். அது கத்திக் குழறிப் பக்கத்தைக் கொண்டுவந்தது. அதே செய்தி. மறுபடி பார்த்தேன், அதே செய்தி. அங்கே மதியம் தாண்டியிருக்கும். ஒரு வரிகூடச் சேரவில்லை. நல்ல செய்தியாக இருந்தால் இந்நேரம் போட்டிருக்க மாட்டார்களா?

“போனை விடுங்க, எங்கம்மா கூப்புடற நேரமுங்க” என்று வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கிரீனைப் படித்தாள். பக்கத்தின் அடியில் இருந்த தீவுக் கடையின் போன் நம்பரில் விரலை வைத்தாள். பிறகு, “இந்தக் கடை நம்பருக்குத்தான் கால் பண்ணிப் பாருங்களேன்” என்று வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டை அவளே எடுத்து நீட்டினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை ஒரு பெண்மணி எடுத்தார். எடுத்த எடுப்பில், “யாரு செத்தது?” என்றார்.

“அதைக் கேக்கத்தாங்க நான் கூப்பிட்டேன்” என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வு நாளாம், அன்று அந்தத் தீவில் துணிகூடக் காயப்போட மாட்டார்களாம். படகு கிடையாது, கடை கிடையாது, கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள். சாவுச் செய்தியாக இல்லாவிட்டால் இத்தனை பிடிவாதமாக யாரும் போன் அடிக்க மாட்டார்கள் என்று பயந்துதான், கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கும் அவர் எடுத்திருக்கிறார். வார நாட்களில் ஆபீஸ் செலவில் மட்டுமே படித்துவந்த எனக்கு இது எப்படித் தெரியும்?

சகோதரர்களைப் பற்றிக் கேட்டேன். “அவங்களா? எஞ்சின் நின்னுபோச்சு. ராத்திரியே இழுத்துட்டு வந்தாச்சே. ஊரே கரையில நின்னுச்சு. எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் யாருக்காக எழுதறது?” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “நீ யாருப்பா?” என்றார். நியூ ஜெர்சி வாசகன் என்றேன். “உங்க ஊர்ல காத்து எப்படி?” என்று விசாரித்தார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அபார்ட்மென்டுக்குக் குடிவந்த நாளாக அப்படிப் பார்த்ததில்லை. கார்கள் மேல் பனி, ஒரு மரம், அசையாத கிளைகள். “காத்து இல்லீங்க” என்றேன். போனை வைத்துத் திரும்பினால் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் ஜலதோஷம் என்றாள்.

திங்கட்கிழமை பக்கத்தில் இப்படி வந்தது: ‘சகோதரர்கள் சனி இரவே கரை சேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். நியூ ஜெர்சியிலிருந்து விசாரித்தவருக்கும் இப்போது தெரியும். அங்கே காற்று இல்லையாம்.’

நான் அந்தத் தீவுக்கு இன்று வரை போனதில்லை. ஆனாலும் அந்த ‘எல்லோருக்கும்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் ஓரத்து இடம் கிடைத்த பிறகு, முன்பின் தெரியாதவர் ஆனாலும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாரா என்று போன் போட்டுக் கேட்க எனக்குக் கொஞ்சமும் வெட்கம் வருவதில்லை.