பதினேழு அடிக் கொடி

நகராட்சி அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘டேப்பு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவரம்மாவுக்கே அவள் டேப்பு அக்காதான். எந்தக் கடைப் பலகை நடைபாதை மேல் எத்தனை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த மதில் சுவர் சொல்லாமல் கொள்ளாமல் உயர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுவது இருபத்தாறு வருஷமாக அவள் வேலை. அதோடு விட்டாளா? “ஏங்க, எதுக்கு இந்த அளவு வச்சீங்க?” என்று கேட்காமல் ஓர் இடத்தை விட்டு நகர மாட்டாள். பதிலைப் படிவத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்வாள். எழுதச் சொன்னவரும் இல்லை, இதுவரை படித்தவரும் இல்லை.

அப்படிப்பட்டவள் கையில் போய்ச் சேர்ந்தது ஊரையே இரண்டாக்கிய அந்தக் கொடி. பாதிப் பேருக்கு அது பாட்டன் முப்பாட்டன் மானம். மீதிப் பேருக்கு அது, ஒரு காலத்தில் தங்கள் கடைகளைக் கொளுத்த வந்தவர்கள் தூக்கிப் பிடித்திருந்த துணி. கொடியே கூடாது என்று சொல்ல நகராட்சிக்கு அதிகாரம் கிடையாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். சரி, அளவையாவது குறைப்போம் என்று கூட்டம் போட்டார்கள்.

“மூணுக்கு அஞ்சு அடி. அதுக்கு மேல எதுக்கு?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அந்த அளவுல இருபது கொடியை வரிசையா கட்டினா என்ன செய்வீங்க?” என்றார் பஸ் டிரைவர்.

“மழையில சுருங்கிப்போனா எந்த அளவு கணக்கு?” என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “சுருங்கினா நல்லதுதானேய்யா, உட்காரும்!” என்று யாரோ கத்த, கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தையற்கடைப் பெண் ஒருத்தி, “பெருசோ சின்னதோ, எனக்கு அதைப் பார்த்தாலே கடை எரிஞ்சதுதான் ஞாபகம் வருது” என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தலைவரம்மா டேப்பு அக்காவிடம் ஒரு பட்டியலை நீட்டினார். ஊரிலுள்ள பெரிய கொடிகள் ஒன்பது. அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்குள் எல்லாவற்றின் அளவும் வேண்டும். பட்டியலைக் கடைசிவரை படித்த டேப்பு அக்கா கடைசி வரியை மறுபடியும் படித்தாள். ஒன்பதாவது அவள் தம்பி வீட்டு மாடி.

தம்பி லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவன். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தெருவே கொடி கட்டியபோது அவனும் கட்டினான். எரிந்த கடைகளில் ஒன்று அக்கா வீட்டுக்காரரின் அப்பாவுடையது. அக்காவின் சமையலறைச் சன்னலைத் திறந்தால் மூன்று தெரு தள்ளித் தம்பியின் மாடி நேராகத் தெரியும். கொடி ஏறிய அன்று வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்துவந்து சன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார். அன்றிலிருந்து அவள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைக்கிறாள். தம்பி தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ஒரே தம்பி. அவனும் எட்டிப் பார்க்கவில்லை, இவளும் போகவில்லை. அவனை இழந்தேவிட்டோமோ என்ற பயம் அவளுக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது.

எட்டுக் கொடிகளை மளமளவென்று அளந்தாள். எதற்கு இந்த அளவு என்று எட்டுப் பேரிடமும் கேட்டாள். ரொட்டிக் கடைக்காரர், “கடையில இதுதாம்மா இருந்துச்சு” என்றார். பள்ளிக்கூட வாத்தியார், “எதிர்வீட்டுக்காரன் ஆறடி வச்சான், அதான் நான் ஏழு” என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். ஓர் அம்மாள் இவள் காதோடு, “சுவத்துல விரிசல் இருக்கும்மா, அதை மறைக்கத்தான்” என்றாள். இதற்காகவா ஊர் மண்டையை உடைத்துக்கொள்கிறது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

ஒன்பதாவது கொடியை மட்டும் அளக்காமல் நாள் கடத்தினாள். லீவு போட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தாள். அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: டேப்பின் நுனியைச் சொத்துக்காரர்தான் பிடிக்க வேண்டும், அளந்தது தப்பு என்று பிறகு சண்டைக்கு வரக்கூடாது பாருங்கள். தம்பி ஒரு முனை, தான் ஒரு முனை என்று நினைத்ததும் டேப்பைத் திரும்பப் பையில் போட்டுவிடுவாள். ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன கேள்வி விட்டால்தானே? அவ்வளவு பெரிய துணி இவனுக்கு எதுக்கு?

செவ்வாய்க்கிழமை போனாள். கதவைத் திறந்த தம்பிக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

“வாங்க” என்றான்.

அக்காவை எவனாவது வாங்க என்பானா? சுருக்கென்றது. “நகராட்சியில இருந்து வர்றேன். கொடியை இறக்குங்க, அளக்கணும்” என்று அவளும் அதே மரியாதையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாடித் தரையில் கொடியை விரித்தார்கள். அவன் நுனியைப் பிடித்துக் குந்தினான். அவள் டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஆறாவது அடியில் ஒரு தையல். அதுவரை துணி வெளுத்துக் கிடந்தது. பதினோராவது அடியில் இன்னொரு தையல். அதற்கு அப்பால் துணி புத்தம் புதிது. பதினேழில் முடிந்தது.

“மூணு தடவையா தச்சிருக்கீங்க” என்றாள். “எதுக்கு இந்த அளவு?”

அவன் தரையைப் பார்த்தான். “தெரியலையோன்னு நினைச்சேன்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான். கட்டின அன்னைக்கே வந்து கிழி கிழின்னு கிழிப்பேன்னு பார்த்தேன். வரலை. உன் சன்னல்ல இருந்து சரியா தெரியலை போலன்னு இன்னும் அஞ்சடி சேர்த்தேன். அப்பவும் வரலை, போன மாசம் இன்னும் ஆறடி. சண்டை போடவாவது வருவேன்னு இருந்தேன்க்கா.”

“அட மண்டு!” என்று கத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “முதல் துண்டு ஏறின அன்னைக்கே உன் மாமா சன்னலை ஆணி அடிச்சு மூடிட்டாருடா! நீ என்னத்தைத் தச்சாலும் எனக்கு எப்படிடா தெரியும்?”

தம்பி திரும்பி அக்கா வீட்டுப் பக்கம் பார்த்தான்.

“அவங்கப்பா கடை எரிஞ்சப்போ முன்னாடி வந்த கொடிடா இது. ஆறடின்னாலும் அதேதான், பதினேழுன்னாலும் அதேதான்.”

“நான் மாமாவை நினைச்சுக் கட்டலைக்கா. தெருவே கட்டுச்சு…”

“அவரை நினைக்காம கட்டினேல்ல, அதான்டா வலிக்குது.”

அவன் கொடியைச் சுருட்டிக்கொண்டே, “இதை மறுபடியும் ஏத்தலைன்னா சன்னலைத் திறப்பியா?” என்றான்.

“ஆணி அடிச்சவர் வீட்டுல இருக்கார். அவர்கிட்ட வந்து கேளு.”

வியாழக்கிழமை அவள் ஒன்பது அளவுகளையும் வாசித்தாள். பஸ் டிரைவர் மறுபடியும் இருபது கொடிக் கதையை எடுத்தார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மூன்றுக்கு ஐந்து அடி என்று தீர்மானம் ஆனது.

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் தம்பி, கையில் ஆணி பிடுங்கும் சுத்தியலோடு நின்றான். கதவைத் திறந்தது அவள் வீட்டுக்காரர்.

“என்ன விஷயம்?”

“சன்னல் ஆணியைப் பிடுங்கலாமான்னு கேட்க வந்தேன், மாமா.”

“மூணுக்கு அஞ்சுன்னா கட்டிக்கலாமாமே. ஒண்ணு தச்சுக்க வேண்டியதுதானே?”

“வேண்டாம் மாமா. கம்பத்தையே கழட்டிட்டேன். தப்பு பண்ணிட்டேன்.”

வீட்டுக்காரர் நின்று நிதானமாக அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சுத்தியலை வாங்கிக்கொண்டார். “அடிச்சது நான், நானே பிடுங்கிக்கிறேன். நீ உன் மாடிக்குப் போய் நில்லு. திறந்தா அங்க உன்னைத்தான் பார்க்கணும்.”

தம்பி படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். பதினாலு ஆணி. கடைசி இரண்டும் துருப்பிடித்துப்போய் லேசில் வரவில்லை. பலகை கழன்றதும் சமையலறையில் வெயில் விழுந்தது. அவள் விளக்கை அணைத்துவிட்டு வந்து வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றாள்.

மூன்று தெரு தள்ளி, வெறும் மாடியில் தம்பி நின்றிருந்தான். பழக்கதோஷம், அவள் ஒரு கண்ணை மூடிக் கட்டை விரலை நீட்டி அளந்து பார்த்தாள். நகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் நன்றாகத் தெரிந்தான்.