மண்டபத்தூரில் அறுத்த கயிறு

டிஷ் மாட்டும் வேலையில் பதினோரு வருடம் தள்ளிய பிறகுதான், எனக்கு டிஷ் மாட்டச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். காரைக்காலில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில், ஏசி போட்டு கம்பெனிக்காரர்கள் எங்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். ஏணி ஏறிய கால் எது, ஏறாத கால் எது என்று பார்த்தாலே எனக்குத் தெரியும். பயிற்சியாளருடையது ஏறாத கால். போல்ட்டை எத்தனை சுற்று முறுக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் திரையில் படம் காட்டி விளக்கினார். உப்புக் காற்றைப் பற்றிக் கேட்டேன். அது பாடத்தில் இல்லை என்றார். பரீட்சைக்கு விடையையும் அவரே சொன்னார். சான்றிதழும் பிரியாணிப் பொட்டலமும் ஒரே மேஜையில் கொடுத்தார்கள். பிரியாணியாவது வெந்திருந்தது.

அடுத்தது தரச் சோதனை. நாங்கள் மாட்டிய வீடுகளில் ஒன்றை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் அடையாள அட்டை. அட்டை இல்லாதவனுக்கு வேலை கிடையாது. இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவன் நான். இந்தக் கூத்துக்கும் தலையாட்டினேன்.

அவர் தேர்ந்தெடுத்தது மண்டபத்தூரில் மீன் விற்கும் ஓர் அக்காவின் வீட்டை. கடலோர வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் டிஷ்ஷை மாட்டிவிட்டு இறங்கியதும் வீட்டுக்காரர் நைலான் கயிற்றோடு ஏறுவார். படகைக் கட்டுகிற மாதிரி டிஷ்ஷின் கம்பத்தை மொட்டைமாடித் தூணோடு இழுத்துக் கட்டிவிடுவார். என் போல்ட்டை நம்பாத அந்தக் கயிற்றைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

அதிகாரி ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டார். கம்பெனி கொடுத்த போல்ட் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது கயிறுதான். விதிப்படி டிஷ்ஷில் வேறு எதுவும் இருக்கக் கூடாதாம், போட்டோ தேறாதாம். அறுக்கச் சொன்னார்.

கீழேயிருந்து அந்த அக்கா சொன்னார்: "அறுக்காதீங்க தம்பி. காத்து அடிச்சா அதுதான் புடிச்சிக்கிட்டு நிக்கிது."

அங்கிருந்த மூவரில் இருவருக்கு அது உண்மை என்று தெரியும். எனக்கு அட்டை வேண்டும். அறுத்தேன். அதிகாரி ஏணியிலிருந்தே போட்டோ எடுத்து, முழு மதிப்பெண் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். அவர்மேல் இருந்த எரிச்சலில் பாதி என்மேல்தான் என்பதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசிக் காற்றில் டிஷ் பிய்த்துக்கொண்டு போய், வீட்டை ஒட்டிய சமையல்கட்டின் ஓட்டுக்கூரையை உடைத்து அடுப்பின்மேல் விழுந்தது. அக்கா மீன் எடுக்கக் கரைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். கம்பெனிக்குப் போன் செய்தேன். போட்டோவில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

புது டிஷ்ஷோடு போனேன். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். மாட்டி முடித்ததும், வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அறுத்ததுதானே தம்பி. நீங்களே கட்டுங்க."

கழுத்தில் அட்டை தொங்க, மூன்று தடவை கட்டினேன். மூன்று தடவையும் அவர் கீழே நின்று, தொங்கிய கயிற்று நுனியை ஓர் இழுப்பு இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்து வந்தது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே மேலே ஏறினார். நான் இறங்கி நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.