மேரிகிறேஸ் திறந்த துவக்கு அலுமாரி

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் இறைச்சித் தொழிற்சாலையில் காலம் முழுக்கக் கத்தி பிடித்த மரியரட்ணத்துக்கு டெனிஷ்காரச் சிநேகிதன் என்று சொல்ல ஒரே ஒருவர்தான். பக்கத்து மேசையில் இறைச்சி வெட்டி, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட லோரன்ஸ். அவர்தான் வேட்டை அனுமதிப் பரீட்சைக்குப் படிப்பித்து, இவரைக் காட்டுக்குக் கூட்டிப் போனார். அதன் பிறகுதான் இந்த நாட்டில் தானும் ஓர் ஆள் என்ற எண்ணம் மரியரட்ணத்துக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். கலியாண மாப்பிள்ளை தோற்றான்!

வேட்டைக்குச் சுடத் துவக்கு வாங்கினால் அதைப் பூட்டிவைக்க இரும்பு அலுமாரி வேண்டும், அது சட்டம். ஒரு துவக்குக்கு ஒடுங்கினதே போதும். கடைக்குக் கூட வந்த மனைவி மேரிகிறேஸ் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு ஆளுயரத்தில் நின்ற தடித்ததைக் காட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இதை எடுப்பம். கள்ளர் தமிழ் வீடாப் பாத்து உடைக்கிறாங்கள். ஸ்ரெபானியின்ரை கலியாண நகையும் இதுக்குள்ளை கிடக்கட்டும்."

திறக்கும் நம்பர் அனுமதி உள்ளவருக்கு மட்டுமே தெரியவேண்டும் என்று கடைக்காரர் திருப்பித் திருப்பிச் சொன்னார். மரியரட்ணம் தலையாட்டினார். ஆனால் மனைவிக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு பெட்டியா? அப்படிப்பட்டவனைச் சனம் என்ன சொல்லும்? அலுமாரியைச் சுவரோடு முடுக்கிய கையோடு மகளின் நகையை உள்ளே வைத்து, மனைவிக்கு நம்பரையும் சொல்லிக் கொடுத்தார். நல்ல புருசன்தான், அதுவே வினையாகிப் போனது.

பொலிஸ் அலுமாரியைப் பார்வையிட வருவதாகச் சொன்ன அன்று மரியரட்ணத்தின் பஸ் பிந்திவிட்டது. வந்த பொலிஸ்காரரைக் காக்கவைப்பது மரியாதையா? மேரிகிறேஸ் தேத்தண்ணியும் பற்றீசும் கொடுத்தாள். பிறகு, எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று காட்ட, தானே நம்பரை அமத்தித் திறந்தாள்.

மரியரட்ணம் வந்தபோது பொலிஸ்காரர் துவக்கை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. அனுமதி இல்லாத ஆள் திறந்தார், ஆகவே கொண்டுபோகிறேன் என்றார். சில கிழமையில் அனுமதியும் பறிபோனது.

"நான் நல்லதுக்குத்தானே திறந்தனான்," என்று மேரிகிறேஸ் அழுதாள்.

"உன்னைப் பேசி என்ன செய்ய? நம்பரைத் தந்தவன் நான்தானே."

துவக்கைப் பொலிஸ் கொண்டுபோனதை லோரன்சிடம் எந்த வாயால் சொல்வது? அவர் வேட்டைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் இடுப்பில் நாரிப்பிடிப்பு என்றார், காய்ச்சல் என்றார். கடைசியில் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, வேட்டையில் சுட்ட காட்டுக்கோழி ஒன்றோடு லோரன்ஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோவன். அந்தாள் நல்ல மனுசன்," என்றாள் மேரிகிறேஸ்.

"நான் இல்லையெண்டு சொல்லு," என்று மரியரட்ணம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெட்கம் அவரைத் தின்றது.

வாசலில் லோரன்ஸ், அவளுக்கு விளங்கவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்: "நான் அவனுக்கு என்ன பிழை செய்தேன்?"

மேரிகிறேசுக்குப் பதில் சொல்ல டெனிஷ் வரவில்லை. அறைக்குள் இருந்தவருக்கு நன்றாக வரும். காட்டுக்கோழியை அவள் கையில் கொடுத்துவிட்டு லோரன்ஸ் போய்விட்டார்.