பார்த்ததும் செய்ததும்

லீலா டீச்சருக்கு அடிப்பதில் பிரியம் அதிகம். பிள்ளைகளை அல்ல, எழுதியதை. மண்ணூர்ப் பக்கத்தில் அவள் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில், மற்ற வகுப்புக் கட்டுரை நோட்டுகள் எல்லாம் குளித்துத் தலைவாரிப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். பொருட்காட்சியையே பார்த்திராத பையன்கள் ‘நான் கண்ட பொருட்காட்சி’யை நோட்ஸிலிருந்து நெட்டுருப்போட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருப்பார்கள். லீலாவின் வகுப்பு நோட்டில் பாதிப் பக்கம் கோடுதான். முதலில் வாயால் சொல்லு, வாய்க்கு வந்ததை அப்படியே எழுது, பார்க்காததை அடி, அப்புறம்தான் நல்ல தாள் என்பது அவள் பாடம். தலைமை ஆசிரியர் அந்த நோட்டுகளைத் தொடும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

1991 ஜூலையில் இந்தப் பாடத்தைப் பெரியவர்களுக்கும் நடத்த ஆரம்பித்தாள். சுங்குவார்சத்திரம் போகிற வழியில், மாதா கோயில் பின்கட்டில், தகர ஷெட் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு வாரம் இரண்டு மாலை எழுத்து வகுப்பு. பள்ளி விட்டு அங்கே போய், பிறகு குன்றத்தூர் பஸ்ஸைப் பிடித்து வீடு சேர்வாள். சம்பளம் கிடையாது, வீட்டில் முணுமுணுப்பு உண்டு. பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்த அந்த மே மாதத்துக்குப் பிறகு சுற்றுவட்டாரமே வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம். விசாரணை என்று யாராவது வந்தால் போதும், பார்த்தவன்கூடப் பார்க்கவில்லை என்பான். கையெழுத்துப் போடச் சொன்னால் ஊரே வயலுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில், அவ்வளவு பயத்தோடு, இந்த ஜனங்கள் எழுத வந்து உட்கார்ந்தார்கள். லீலாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைதான் அவள் காலை வாரியது.

வகுப்பு தொடங்கிச் சில மாதம் கழித்து, தகடு வெட்டுகிற ஒரு சின்னக் கம்பெனியில், பிரஸ் மெஷினில் எழிலரசன் என்பவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவன். மெஷினுக்குள் கை போகாதபடி முன்னால் ஒரு தடுப்பு மாட்டியிருப்பார்கள். அன்று அது இல்லை. சீக்கிரம் வேலையை முடிக்கிற ஆசையில் எழிலரசனே அதைக் கழற்றிவிட்டான் என்று சூப்பர்வைசர் எல்லப்பன் சாதித்தார். அவனே கழற்றினான் என்று ஆகிவிட்டால் நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. விசாரிக்க அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்தது. வழக்கமாக ஆபீசில் எழுதி வைத்ததன் கீழே இவர்கள் ரேகை வைப்பார்கள், கதை முடியும். இந்தத் தடவை அந்த லைனில் வேலை செய்த மூன்று பேர், நாங்களே எழுதித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கோதண்டராமன், பாஞ்சாலி, லூர்தம்மாள். மூவரும் லீலாவின் மாணவர்கள்.

ஆய்வாளர் வருவதற்கு முந்தின மாலை வகுப்பில், லீலா கோதண்டராமனை எழுந்து நின்று நடந்ததைச் சொல்லச் சொன்னாள். பேச்சு எப்படி எழுத்தாகிறது என்று காட்ட, அவர் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினாள். இதேபோல் நீங்கள் பார்த்ததை வீட்டில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஓடினாள். போர்டில் டீச்சர் எழுதினால் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வதுதான் படிப்பு என்பது நம் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். லீலாவுக்கு மட்டும் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

மறுநாள் மத்தியானம் கோதண்டராமன் சைக்கிளில் பள்ளி வாசலுக்கு வந்து நின்றபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் டீச்சரைக் கையோடு கூட்டிவரச் சொன்னாராம். லீலா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

கம்பெனி ஆபீசில் மூன்று தாள்களும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. கோடு கிழித்து ஓரம் விட்டு, மூன்றும் முத்து முத்தான கையெழுத்து. மூன்றும் ஒரே மாதிரித்தான் தொடங்கின: நான் வெளியே பீடி பிடித்துவிட்டு உள்ளே வந்தபோது சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

“இந்தப் பக்கம் பொம்பளைங்களும் பீடி பிடிப்பாங்களாம்மா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

எல்லப்பன் சிரித்தார். டீச்சரம்மா சொல்லிக் கொடுத்த பொய்சாட்சி, மூன்றையும் கிழித்துப்போடுங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் தலையில் தானே கல்லைப் போட்டுவிட்டோமே என்று லீலாவுக்குப் பதறியது. எப்படி நடந்தது என்று ஆய்வாளரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் மூன்று தாள்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னொரு தடவை எழுதட்டும் என்றார். இங்கேயே, தனித்தனியாக, என் கண்முன்னால். எப்படி எழுதுவது என்று மட்டும் நீங்கள் வெளியே வைத்துச் சொல்லலாம், எதை எழுதுவது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் எல்லாவற்றையும் தள்ளிவிடுவேன். எல்லப்பனிடம் ஆபீசை விட்டு நகரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று பேரும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். லீலா குரலைத் தாழ்த்திப் பேசினாள். அழகாக எழுத வேண்டாம். நீங்கள் எங்கே நின்றீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாதது தாளில் வந்துவிட்டால் தயங்காமல் அடியுங்கள். பாஞ்சாலி தலையாட்டினாள். கோதண்டராமன், தடுப்பு ஓரமாகக் கிடந்ததை மட்டும்தான் தான் பார்த்ததாகவும் கழற்றினது யார் என்று தெரியாது என்றும் சொன்னார். பாஞ்சாலிக்கும் அவ்வளவுதான் தெரியும். அப்படியானால் எழிலரசன் கதி அதோகதிதான் என்று லீலாவுக்குப் புரிந்தது. அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

லூர்தம்மாள் மட்டும் நகரவில்லை. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள், இந்தச் சம்பளத்தில்தான் சாப்பாடு.

“டீச்சர், பாத்தத எழுதச் சொல்றீங்க. செஞ்சத இன்னா பண்றது?”

லீலாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“காத்தால எல்லப்பன் சொன்னாரு, மணிக்கு இவ்ளோ பீஸுன்ற ரேட் வர்ல, அந்தத் தடுப்ப கழட்டிடுன்னு. நான்தான் கழட்டி ஓரமா வச்சேன். அதையும் எழுதணுமா?”

எழுதுங்கள் என்றால் இந்த அம்மாவின் வேலை இன்றோடு போகும், கேஸ்கூட வரலாம். வேண்டாம் என்றால் எழிலரசனுக்கு ஒன்றும் கிடைக்காது. வகுப்பில் வாய்கிழியப் பேசியதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் எதற்கும் உதவவில்லை. விட்டுவிடுங்கள் அம்மா என்று சொல்லத்தான் லீலாவுக்கு முதலில் நாக்கு துடித்தது. உள்ளேயிருந்து ஆய்வாளர் லூர்தம்மாள் பெயரைக் கூப்பிட்டார்.

“இத நான் சொல்லக்கூடாதும்மா,” என்றாள் லீலா. “நான் சொல்லி நீங்க எழுதினா, அது மறுபடியும் என்னோட எழுத்தாயிடும்.”

அந்த வார்த்தை நியாயமானதா, கோழைத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை. லூர்தம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாஞ்சாலியும் கோதண்டராமனும் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். லூர்தம்மாள் வரவில்லை. கண்ணாடி ஜன்னலில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. எழுதுகிறாளா சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியாமல் லீலா ஸ்டாண்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஷிப்டு மணி அடித்தது. ஆட்கள் உள்ளே போனார்கள், வந்தார்கள். ஒருவரும் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. திடீரென்று எல்லப்பனின் குரல் உயர்ந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கத்தினார். ஆய்வாளரின் குரல் கேட்கவில்லை. அப்போதே லீலாவுக்குத் தெரிந்துவிட்டது.

எழிலரசன்மேல் தப்பில்லை என்று ஆய்வாளர் எழுதினார். நஷ்டஈடு பிறகு வந்து சேர்ந்தது, விரல் இல்லாத கைக்கு ஸ்டோரில் ஒரு வேலையும் கிடைத்தது. எல்லப்பனை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். லூர்தம்மாளுக்கு அந்த மரியாதைகூட இல்லை. அன்று சாயங்காலமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டார்கள்.

லீலா அவளுக்காகக் கேட்டில் காத்திருந்தாள். இருவரும் மெயின்ரோடுவரை நடந்தார்கள். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வேறு வேலைக்கு யாரிடமாவது சொல்கிறேன் என்று லீலா தொடங்கினாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைக்கவில்லை.

“எழுதத் தெரியாம இருந்திருந்தா, அவங்க குடுத்ததுல ரேகை வச்சிட்டு வேலையில இருந்திருப்பேன் டீச்சர்,” என்றாள் லூர்தம்மாள்.

“தப்பு என்னுதுதாம்மா.”

“தப்புன்னு சொல்ல வரல. எழுதுனது நான், என் கையி.” அவள் பைக்குள் கையை விட்டுச் சாப்பாட்டுத் தூக்கைச் சரிசெய்தாள். “எழுதுனா இப்படியும் ஆவும்னு, இனிமே வர்றவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுங்க.”

குன்றத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். லீலா ஏறவில்லை, லூர்தம்மாளின் பக்கத்திலேயே நின்றாள்.